அரைக் கிலோ

ஒரே ரெப்போ, ஏழு பேக்கேஜ்.
எடை, ஈரம், விலை, ரசீது, குறுஞ்செய்தி, முன்பணம்.
ஏழாவதற்குப் பெயர் அமையவில்லை,
இப்போதைக்கு 'இதர'. அவசரத்தில் எல்லோரும்
அதற்குள்தான் எதையாவது வீசிவிட்டுப் போகிறோம்.

கோத்தகிரி, டானிங்டன் பக்கம், பேக்கரிக்கு மேல் மாடி.
ஜெனோவா விலையைப் பார்க்கிறாள்.
எடையை எழுதியவன் ஹாலன்; இப்போது கோவையில்
ஏதோ வங்கிக்கு வேறெதையோ எழுதுகிறான்.
குறுஞ்செய்தி என்னுடையது.

முன்பு ஏழும் ஏழு ரெப்போ.
எடையில் ஒரு வரி மாற்றினால்
வெளியிட்டு, காத்திருந்து, ஆறு இடத்தில் எண் திருத்தி,
கன்னேரிமுக்குக்குப் போக
மேட்டுப்பாளையம் வரை இறங்கி மறுபடி ஏறுவது போல.
போன வருடம் எல்லாவற்றையும்
ஒரு கூரைக்குள் கொண்டுவந்தோம்.
அடுத்த அறையில் இருப்பதை
இனி ஊர் சுற்றி வாங்க வேண்டாம் என்றோம்.
கேக் வெட்டினோம். கீழேயே பேக்கரி, அது சுலபம்.

நேற்று சாயங்காலம்
ஓரசோலை லிங்கராஜ் படியேறி வந்தார்.
ரசீதை மேசையில் வைத்தார். இருபத்து மூன்றரை.
பக்கத்தில் போனை வைத்தார். இருபத்து மூன்று.
"ரெண்டும் உங்க ஆபீஸ்தானே?"
சத்தம் போட்டிருந்தால்
பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அரைக் கிலோ.
நனைந்த இலையில் தண்ணீருக்கென்று
கழிப்பதையெல்லாம் கழித்த பிறகு நிற்கிற அரைக் கிலோ.
நானூறு விவசாயி, வாரத்துக்கு ஆறு நாள் என்று
மனசு பெருக்கத் தொடங்கியதை நிறுத்திவிட்டு
கோடைத் திறந்தேன்.

எடையில் பிழையில்லை.
போகும் முன்பே ஹாலன்
அரையை அரையாக விடச் செய்திருக்கிறான்.
மூன்று முறை படித்தேன். நல்ல கோடு. எரிச்சலாக இருந்தது.
ஒன்பது மணிக்குக் குஞ்சப்பனையில் மண் சரிந்து
கேபிள் அறுந்தது.
நெட் போனது. ஜன்னலும் போனது,
அப்படி ஒரு மூட்டம்.

பத்தரைக்கு மேல்
நோட் மாட்யூல்ஸுக்குள் ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கினேன்.
யாரும் இறங்கிப் பார்க்கிற இடமில்லை அது.
குறுஞ்செய்திக்கு அடியில், தனியாக,
இன்னொரு எடை.
அதே பெயர். பழைய வெர்ஷன்.
அரையைக் கண்டால் வெட்டிப்போடுகிற பழைய கை.

அடுத்த அறையில் புதிது இருக்க
இது எதற்கு வெளியிலிருந்து வந்தது?
கேட்டதால் வந்தது.
ஒன்று புள்ளி நான்கு புள்ளி இரண்டு,
அதுதான் வேண்டும், வேறெதுவும் ஆகாது என்று
மூன்று வருடம் முன்பு
எல்லாம் உடைந்து கிடந்த ஓர் இரவில்
பயந்துபோய் எழுதிவைத்திருக்கிறேன்.
வரியின் ஓரத்தில் என் பெயர், தேதி, இரவு 2:40.
கூரை ஒன்றான பிறகும்
அந்த வரி சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டே இருந்தது,
பாவம்.

எண்ணை அழித்து நட்சத்திரக்குறி ஒன்று போட்டேன்:
வீட்டில் எது உண்டோ அது போதும்.
பிறகு, நெட் இல்லையே,
வெளியே கேட்காதே இருப்பதை வைத்துக் கட்டு
என்றொரு கட்டளை. கட்டியது.
இதில் யாருக்கும் பெருமையில்லை. தேவையானது எல்லாம்
முன்பே இந்தப் பெட்டியில் இறங்கியிருந்தது, அவ்வளவுதான்.

லிங்கராஜின் இலையையே போட்டுப் பார்த்தேன்.
ரசீது இருபத்து மூன்றரை.
குறுஞ்செய்தி இருபத்து மூன்றரை.

ஐந்தேகாலுக்குக் கீழே வர்க்கி வேகும் வாசம்.
விளக்குக் கம்பத்தடியில் ஒரு காட்டுமாடு
ரோட்டைத் தன் பெயரில் எழுதிக்கொண்டது மாதிரி நிற்கிறது.
சர்வருக்கு அனுப்ப நெட் வரவேண்டும்.
ஏழு மணிக்கு ஃபாக்டரியில் தராசு திறக்கும்.

ரசீது தாள்தான், குறுஞ்செய்தி சேதிதான்.
பணத்தைக் கணக்குப் போடுவது விலை.
ஜெனோவாவின் ஃபோல்டரை இன்னும் திறக்கவில்லை.
அந்த இரவு, இரண்டு நாற்பதுக்கு,
அவளும் என் பக்கத்து நாற்காலியில்தான்
தட்டிக்கொண்டிருந்தாள்.